மார்ச் மாதத்து மூன்று பாட்டில்கள்

“முப்பத்தெட்டு. உள்ள ஆளு ஏழு. மினுக்கி பதினொண்ணு. மீன் குஞ்சு இல்ல. காப்பி ஆறிப் போச்சு.”

இந்து மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எழுதினேன். காப்பி ஆறியதையும் சேர்த்து எழுதினேன். எண்ணி முடித்ததைப் பாட்டிலுக்குள் திரும்ப விட்டு மூடிவிட்டு, அடுத்த பாட்டிலை அவள் இழுக்கும்போது கரண்ட் போய்விட்டது. மாலை ஆறரை இருக்கும்.

“மிச்சத்தக் காலையில பாப்போம். பேனாவ மூடுங்க, காஞ்சிரும்.”

மூடினேன். மூன்று பாட்டில்களையும் அவள் அடுப்படி மேடையில், குடிதண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். தோசை சுட்டாள். மறுநாள் காலை பல் துலக்கப் பின்வாசலுக்குப் போனவள் துவைக்கிற கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 2023 மார்ச் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. அவளுக்கு அறுபத்திரண்டு வயது.

இந்து இங்கே ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றதும் ஊர் உலகத்தில் கோயில் கோயிலாகப் போவார்கள்; இவள் வேம்பாருக்குப் போகத் தொடங்கினாள். கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று பஸ் மாறி, சாம்சன் என்ற படகுக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கி, விடிந்ததும் அவர் படகில் கடலுக்குள் போய், கூம்பு மாதிரி தைத்த மெல்லிய வலையை மூன்று தடவை இழுத்து, மூன்று ஊறுகாய்ப் பாட்டில்களோடு திரும்பி வருவாள். மாதம் ஒருமுறை. பாட்டிலில் கடல் தண்ணீரும் கொஞ்சம் ஃபார்மலினும் இருக்கும். மூடியைத் திறந்தால் மூக்கும் கண்ணும் எரியும். மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது.

பாட்டிலுக்குள்ளும் ஒன்றும் தெரியாது. அதுதான் விஷயம். அவள் தேடிப்போன பிராணிக்கு சால்ப் என்று பெயர். தமிழில் தனிப்பெயர் உண்டா என்று கேட்டேன்; தெரியவில்லை என்றாள். சிறியது நகத்தளவு, பெரியது கட்டைவிரல் நீளம், இரண்டு முனையும் திறந்த கண்ணாடிக் குழாய். முன்பக்கம் தண்ணீரை இழுத்துப் பின்பக்கம் தள்ளும். அந்தத் தண்ணீரில் வருவதுதான் சாப்பாடு, அந்தத் தள்ளலில்தான் பயணம். தனியாக ஒன்று மிதக்கும். அதன் உடம்பிலிருந்து இருபது முப்பது கோத்த சங்கிலி ஒன்று கிளம்பும். அந்தச் சங்கிலியில் இருக்கும் ஒவ்வொன்றும் மறுபடி தனியான ஒன்றைப் பெறும். “நாம ரெண்டு தனி” என்று ஒருநாள் சொன்னாள். வருத்தமாகச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

அவள் எண்ணியது சால்ப்பை மட்டும் அல்ல, அதோடு கூடக் குடியிருப்பவர்களை. இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பூச்சி, முட்டைக்கண், அரிசி நீளம், சால்ப்பின் குழாய்க்குள் ஏறி உட்கார்ந்து வருகிற சாப்பாட்டில் பங்கு எடுத்துக்கொள்ளும். தாய்ப்பூச்சி தன் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஒவ்வொரு சால்ப்பில் விட்டுவிட்டு வருமாம். அதைத்தான் இந்து ‘உள்ள ஆளு’ என்பாள். இன்னொன்று, கடுகைவிடச் சிறியது, உயிரோடு இருக்கும்போது வெயில் பட்டால் நீலமாக மின்னும். அதற்கு ‘மினுக்கி’ என்று அவளே பெயர் வைத்தாள். சில சமயம் சங்கிலியின் நிழலில் ஒதுங்கிய பாரைக் குஞ்சுகளும் வலையில் வந்துவிடும். எந்த மாதத்தில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்று ஒரு முழு வருஷம் பார்க்க வேண்டும். மார்ச்சில்தான் கூடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். 2022 ஏப்ரலில் ஆரம்பித்தாள். பன்னிரண்டு மாதம், முப்பத்தாறு பாட்டில்.

நான் ஒரே ஒருமுறை, ஆகஸ்டில், கூடப் போனேன். படகில் ஏறிப் பத்தாவது நிமிடத்தில் குடலைக் கையில் எடுத்துவிட்டேன். சாம்சனுக்கு சால்ப் எல்லாம் சொறிதான், அதாவது ஜெல்லி மீன். வலைத் துளையை அடைக்கிற சனியன். இந்து அவரிடம், இது சொறி இல்லை, இதன் இனத்தில் குஞ்சுக்கு முதுகில் நரம்புத் தண்டு உண்டு, மீனுக்கும் நமக்கும் நெருங்கிய சொந்தம் என்று பாடம் நடத்தினாள். சாம்சன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

“அப்பம் டீச்சருக்கு இது மாமன் மொறையா, மச்சான் மொறையா?”

“ஒமக்குச் சம்பந்தி மொற, ஓய்” என்றாள் இந்து.

“சரிதான். வீட்டுக்கு வந்து வலையப் பூரா நாசம் பண்ணுதப்பமே நெனச்சேன்.”

அதற்குப் பிறகு நான் வீட்டோடு இருந்துகொண்டேன். என் வேலை எழுதுவது. கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் செய்ததும் அதுதான். நகல் எடுப்பவனுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை கிடையாது. அசலில் பிழை இருந்தால் நகலிலும் அந்தப் பிழை இருக்க வேண்டும். அசலில் ஓரிடம் கிழிந்திருந்தால், அங்கே என்ன இருந்திருக்கும் என்று எனக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும், ‘இவ்விடம் கிழிந்துள்ளது’ என்றுதான் எழுதலாம். அந்தப் பழக்கத்தில் இந்து வாயிலிருந்து வந்ததை எல்லாம் நோட்டில் அந்தந்த வரியின் கடைசிக் கட்டத்தில் எழுதிவிடுவேன். ‘இது என்னையவே பாக்குது.’ ‘பால்காரர் வந்துட்டாரான்னு பாருங்க.’ ‘ஒண்ணு கிழிஞ்சிருக்கு, சேக்காதீங்க.’ முதலில் திட்டினாள். பிறகு, எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

எண்ணி முடித்த பாட்டில்களை மாரிசெல்வி வாங்கிக்கொள்வாள். இந்துவின் பழைய மாணவி. தூத்துக்குடியில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். வன்னியம்பட்டியில் அவள் அம்மா வீடு. மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்துப் பாட்டில்களைக் கொடுப்போம். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. சாம்சன் வீட்டுக்குப் பால்கோவாவும் அங்கேயே வாங்கிக்கொள்வோம். பதினொரு மாதத்துப் பாட்டில்கள் அப்படிப் போய்ச் சேர்ந்துவிட்டன.

மார்ச் பதினான்கு மத்தியானம் இந்துவை எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது என் தங்கை முத்துப்பேச்சி வீட்டைக் கழுவிவிட ஆயத்தமாக நின்றாள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது. குடம், தொட்டி, வாளி, ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்கள் எல்லாவற்றையும் பின்வாசல் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தேன். முத்துப்பேச்சி மூன்று ஊறுகாய்ப் பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணே, இதுல இருக்கிறதும் தண்ணிதான?”

பார்த்தேன். பார்த்தேன் என்பது உண்மை. பாட்டிலில் தண்ணீர் தெரிந்தது.

“எல்லாத்தையும் கொட்டிருங்க” என்றேன்.

அவள் கொட்டும்போது கண் எரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் எரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பாட்டில்களைச் சாம்பல் போட்டுக் கழுவி, மதில் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள்.

நான்காம் நாள் பின்வாசலுக்குப் போனபோது சாக்கடை ஓரம் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. டிரேசிங் காகிதம், பென்சில் எழுத்து. மை கரைந்துவிடும் என்று இந்து பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதித்தான் பாட்டிலுக்குள் போடுவாள். ‘வேம்பார். 11-3-23. பாட்டில் 2.’ மதிலைப் பார்த்தேன். மூன்று பாட்டிலும் பளபளவென்று காய்ந்திருந்தன. சீட்டைச் சுரண்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

முத்துப்பேச்சி வந்து என்ன என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல, பழைய சீட்டு” என்றேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அவள் கேட்டுத்தான் கொட்டினாள்.

ஏப்ரல் கடைசியில் மாரிசெல்வி போனில் பேசினாள். துக்கம் கேட்ட பிறகு, தயங்கித் தயங்கி, மேடம் மார்ச் எண்ணிக்கையை முடித்தார்களா என்றாள். முடித்திருந்தால் வருஷம் முழுமையாகிவிடும். மேடம் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை அனுப்பிவிடலாம். இல்லையென்றால் பாட்டிலை வாங்கித் தானே எண்ணிவிடுவாள்.

“முடிச்சிட்டா” என்றேன். “படம் எடுத்து அனுப்புறேன்.”

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். மார்ச், முதல் பாட்டில், முப்பத்தெட்டு, ஏழு. அதன் கீழே இரண்டு வரி காலியாக இருந்தது. பதினொரு மாதம் அவள் குரலைக் கேட்டு எழுதியவன் நான். அடுத்த பாட்டிலில் என்ன சொல்லியிருப்பாள் என்று என் காதிலேயே கேட்டது. நாற்பத்தொன்று, உள்ள ஆளு ஒன்பது. முப்பத்தாறு, உள்ள ஆளு எட்டு. அதே பேனா, அதே மை. எழுதி முடித்துப் பார்த்தபோது அந்தப் பக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு வருஷம் அவள் பஸ் மாறி மாறிப் போனது வீணாகவில்லை என்று தோன்றியது. படம் எடுத்து அனுப்பினேன். மாரிசெல்வி கும்பிடுகிற கை ஒன்று பதிலுக்கு அனுப்பினாள்.

இரண்டு மாதம் அப்படியே போனது. அந்த நோட்டை நான் திறக்கவில்லை. ஜூன் கடைசியில் அவள் மறுபடி கூப்பிட்டாள். கட்டுரை கிட்டத்தட்டத் தயார். மார்ச் பாட்டில்களையும் மற்றதோடு சேர்த்துப் பாதுகாப்பில் வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறேன், எடுத்து வாருங்கள் என்றாள். பாட்டிலுக்கு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். உடைந்துவிட்டது என்றால் யார் என்ன செய்ய முடியும்? பஸ்ஸில் போகும்போது அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

டீக்கடையில் அவள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். வண்டியில் தெர்மகோல் பெட்டி கட்டியிருந்தது. என் கைப்பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

“பை லேசா இருக்கே சார்.”

எதிரே கோர்ட் கேட் ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. நான் நோட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். முதல் வரிதான் இந்து சொன்னது, மற்ற இரண்டும் நான் எழுதியது என்றேன்.

“எப்பவும் நீங்கதான சார் எழுதுவிய?”

“அவ சொல்லல. நானா எழுதினேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். டீயில் ஆடை படிந்தது. அவள் போனில் ஒரு படத்தை எடுத்து என் பக்கம் நீட்டினாள். பன்னிரண்டு புள்ளிகளைக் கோத்த கோடு. கடைசியில் மேலே ஏறியிருந்தது.

“மேடம் நெனச்ச மாதிரியே மார்ச்சுல ஏறுதுன்னு எம்புட்டு சந்தோஷப்பட்டேன் தெரியுமா சார்? அவிய நெனச்சத நீங்க எழுதிக் குடுத்திருக்கிய.”

போனை மேசையில் வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

“மொத வரி மட்டும் அவிய சொன்னதுன்னு நான் எப்பிடி நம்புறது?”

நியாயமான கேள்வி. நானே நகல் பிரிவில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். மூன்று வரியும் ஒரே மை, ஒரே கை. பாட்டிலும் இல்லை. இந்த உலகத்தில் அந்த வித்தியாசம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; நானோ ஏற்கெனவே பொய் எழுதியவன்.

“நம்பிக்கை இல்லன்னா மூணையும் அடிச்சிரும்மா” என்றேன்.

அந்த ஏழு இந்து கடைசியாகப் பார்த்த ஏழு.

மாரிசெல்வி நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். முதல் பக்கத்துக்குப் போய் ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். எண்களை அவள் பார்க்கவில்லை. அவையெல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. கடைசிக் கட்டத்தைப் படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். ‘காசி, மூச்சு விடாதீங்க, தட்டு ஆடுது’ என்று இந்து என்னைச் சொன்னது அக்டோபரில் இருக்கும், அதுவாக இருக்கலாம். மார்ச்சுக்கு வந்ததும் விரல் நின்றது.

“காப்பி ஆறிப் போச்சு” என்று படித்தாள்.

கீழே இரண்டு வரிகளுக்கும் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. முப்பத்துநான்கு பாட்டிலுக்கும் இந்து ஏதோ ஒன்று சொல்லியிருந்தாள். நான் உண்டாக்கிய இரண்டு பாட்டிலில் யாரும் எதுவும் பேசவில்லை. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

“இது இருக்கட்டும் சார்” என்றாள் மாரிசெல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. தன் பேனாவால் கீழ் இரண்டு வரிகளின் குறுக்கே கோடு இழுத்தாள். “கட்டுரையில ஏறுதுன்னு இனி சொல்ல முடியாது. ஒரு பாட்டில வச்சு ஒண்ணுஞ் சொல்ல முடியாது. அத எடுத்துர வேண்டியதுதான்.”

ஏன் இரண்டு பாட்டில் இல்லை என்று காரணம் கேட்பார்களா என்றேன். கேட்பார்கள் என்றாள். கணவரின் கவனக்குறைவால் கொட்டப்பட்டது என்று போடு என்றேன். நான் உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“மாதிரி கிடைக்கவில்லைன்னு போட்டாப் போதும். யாரு கொட்டுனாங்கறது சால்ப்புக்கு எதுக்கு சார்?”

கட்டுரை மறு வருஷம் ஜனவரியில் வெளிவந்தது. முதலில் எண்ணியிருந்ததைவிடச் சின்னப் பத்திரிகை. இந்துவின் பெயர் முதலில், பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. அது காலமானவர்களுக்குப் போடுவதாம். அட்டவணையில் மார்ச்சுக்கு நேராக முப்பத்தெட்டு, ஏழு. அடுத்த இரண்டு கட்டத்திலும் கோடு. மாரிசெல்வி அச்செடுத்து அனுப்பியிருந்தாள். காப்பி ஆறியது அதில் இல்லை. அது நோட்டில் மட்டும்தான்.

மார்ச் கேள்வி தீரவில்லை. மாரிசெல்வியால் மாதாமாதம் வர முடியாது. ஆனால் அந்த ஒரு மாதத்தையாவது மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். போன வருஷத்துப் பாட்டிலுக்கு அது ஈடாகாது என்பதையும் அவளே சொன்னாள். எழுதுவதற்கு ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டாள். படகில் வாந்தி எடுப்பேன் என்றேன். எடுங்கள், மீன் தின்னும் என்றாள்.

2024 மார்ச் ஒன்பதாம் தேதி காலை வேம்பாரில் படகு ஏறினோம். சாம்சன் எனக்குக் கை கொடுத்து ஏற்றி, நடுப்பலகையில் உட்கார வைத்தார். இந்து உட்காரும் முன்பலகை காலியாக இருந்தது. மாரிசெல்வியும் அங்கே உட்காராமல் வலைப் பக்கமாக நின்றுகொண்டாள். கரை கோடாகச் சுருங்கியதும் சாம்சன் என்ஜினை அணைத்தார். இந்தத் தடவை நான் வாந்தி எடுக்கவில்லை. தண்ணீரில் குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெயில் ஒரு சாய்வில் விழுந்தபோது, கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சங்கிலி, அதன் ஓரத்தில் ஒரு நீலப் பொறி, அணைந்து, மறுபடி.

“சம்பந்தி வீட்டுக்காரன் வந்துட்டான்” என்றார் சாம்சன், யாரையும் பார்க்காமல்.

நோட்டில் புதிய பக்கம் எடுத்தேன். ஒவ்வொரு மாதத்துத் தாளிலும் மேலே, எண்களுக்கு முன்னால், ஆழத்துக்கு ஓர் இடம் உண்டு. வலையைப் போடுமுன் அதைத்தான் பார்க்க வேண்டும். சாம்சன் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். குண்டு தரை தட்டியதும், நனைந்த கயிற்றை மேலே இழுத்து, இரண்டு கையையும் விரித்து விரித்து, ஒரு விரிப்புக்கு ஒரு பாகம் என்று அளந்தார்.

“ஆறு பாகம்” என்றார்.

எழுதினேன். முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். இந்து வந்து சொல்லி நான் எழுதிய பன்னிரண்டு மாதத்திலும் ஆறு பாகம்தான். அவள் வலை போட்ட அதே இடம்.